உங்கம்மா படிக்காமல் போன எம்.எஸ்ஸி.

தம்பி,

மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய உன் கல்யாண ஓலையை, போன ஞாயிறு இரண்டாம் பூசையில் முதல் தடவையாக வாசித்தார்கள். பங்குச் சாமியார் உன் பெயரையும் அமலா பெயரையும் இரண்டு வீட்டுப் பெற்றோர் பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்தால் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று முடித்தார். யார் ஓலை வாசித்தாலும் அந்த இடத்தில் பக்கத்து ஆளின் விலாவில் இடித்து, "பொண்ணோட சமையல் தடையில சேருமா?" என்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பது என் வழக்கம். இந்தத் தடவை பக்கத்து ஆள் என் விலாவில் இடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடை என்னவென்று எனக்குத் தெரியும். உனக்கும் அமலாவுக்கும் நடுவில் அதைக் கொண்டுவந்து போட்டவன் நான்தான் என்பதும் தெரியும்.

அப்பா இதைத் தபாலில் எழுதாமல் பங்கு மடலில் ஏன் எழுதுகிறார் என்று நீ கேட்பாய். தபாலிலும் வரும், அவசரப்படாதே. மாதாமாதம் இந்த நாலு பக்க மடலில் ஊர்வம்பை நகைச்சுவை என்று பெயர் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறவன் நான். யார் வீட்டில் மாமியார் எதற்காகப் பட்டினி கிடந்தாள், எந்த சொல்தா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய கையோடு யார் வீட்டுக்குப் போனார் என்பதையெல்லாம் அச்சேற்றிவிட்டு, என் வீட்டுச் சமாசாரத்தை மட்டும் கவரில் போட்டு ஒட்டி அனுப்பினால் நன்றாக இருக்காது. அதைவிட முக்கியமான காரணம், நான் ஒரு பொய்யைப் பதினெட்டு வருஷமாக ஊர் கேட்கச் சொல்லிவந்திருக்கிறேன். அதன் நிஜத்தை உன் காதில் மட்டும் கிசுகிசுத்தால் போதாது.

உன் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். கல்யாணம் முடிந்ததும் அமலாவை பம்பாய்க்கு அழைத்துப் போய்விடப் போகிறாய், அவள் படிக்கிற பி.எட். பாதியில் நின்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது, எம்.எஸ்ஸி.தான் இருக்கிறதே என்று எழுதியிருந்தாய். சரி. அதற்குக் கீழே இரண்டு வரி எழுதினாய் பார், அதுதான் என் தொண்டையில் நிற்கிறது. 'எனக்காக அம்மா கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. ஸீட்டையே வேண்டாம்னு சொல்லிட்டு வந்தாங்க. நான் கேட்கிறது அதைவிடச் சின்ன விஷயம்தானே. நீங்க வாத்தியார், போய் அவகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.'

போனேன் தம்பி. பக்குவத்தை முகத்தில் தடவிக்கொண்டு, கோட்டுச்சேரியில் பஸ் மாறி, திருவேட்டக்குடிக்குப் போனேன். உன் மாமனார் கடலிலிருந்து வந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே அமலா நாலு கண்ணாடித் தம்ளரில் செம்பருத்திப் பூச்சாற்றை ஊற்றி வைத்துக்கொண்டு, மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவள் அம்மாவுக்கு எட்டாம் வகுப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "அம்மா, இங்க பாருங்க. இதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா என்ன நெறமாவும்?" அந்த அம்மாள் தலையைத் தூக்காமல், "கொழம்பு நெறமாவும். அந்தப் பழத்த இங்க குடுடி மொதல்ல" என்றார்கள். நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு நான் வந்த விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"மாமா, நீங்களும் எம்.எஸ்ஸி., பி.எட். தானே? எம்.எஸ்ஸி. முடிச்சப்ப கெமிஸ்ட்ரியில எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்லன்னு இருந்திச்சு. எட்டாம் கிளாஸ் முன்னாடி போயி நின்னா ஒண்ணுமே தெரியல மாமா. ஒரு பொண்ணு எழுந்து, எலுமிச்சம்பழம் ஏன் புளிக்குதுன்னு கேட்டுச்சு. நான் போர்டுல ஹைட்ரஜன் அயனியெல்லாம் எழுதுறேன், அது அப்பவும், 'அது சரி டீச்சர், ஏன் புளிக்குது?'ங்குது. உங்களுக்கும் இப்படித்தான் இருந்திச்சா?"

"இருந்திச்சும்மா" என்றேன்.

"எப்படித் தாண்டி வந்தீங்க?"

நான் தாண்டி வரவில்லை தம்பி. என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதை எப்படி அந்தப் பெண்ணிடம் சொல்வது? "பழகிடும்" என்றேன். "இன்னும் பத்துப் பாடம் எடுக்கணும் மாமா. அதையும் எடுத்து முடிச்சா எனக்கு வந்துடும்னு தோணுது" என்றாள். நான் சுறாப்புட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வந்த விஷயத்தை வாயைத் திறந்து சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

என்னை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதை இப்போது சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆனபோது நான் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. ஊரில் அந்தப் பட்டம் வைத்திருந்தவர்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதில் நான் கட்டைவிரல் என்று எனக்கு நினைப்பு. உன் அம்மா பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். அன்றைக்கு அதற்குப் பெயர் பி.டி. நான் ஒரு டுட்டோரியலில் கத்திக்கொண்டிருந்தேன், அவள் ஒரு பெண்கள் பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே ஒரு பள்ளி நிர்வாகம், கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி.யும் பயிற்சிப் பட்டமும் இரண்டும் சேர்ந்திருக்கிற ஆள் வேண்டும் என்று தேடியது. என்னிடம் முன்பாதி இருந்தது, அவளிடம் பின்பாதி. "நம்ம ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டி அனுப்புனா ஒரு முழு வாத்தியார் தேறும்" என்று உன் அம்மா சிரித்தாள். அன்றைக்கே வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. எனக்கு வேண்டியது ஒரு வருஷப் படிப்பு, அவளுக்கு வேண்டியது இரண்டு வருஷம். சின்னது முதலில். நான் பி.எட். முடித்து வேலையில் அமர்ந்ததும் அவள் எம்.எஸ்ஸி.க்குப் போவாள். பெண்கள் பள்ளியிலும் அப்படி ஓர் இடம் சீக்கிரம் வரும் என்று பேச்சு இருந்தது. கையெழுத்து ஒன்றும் போடவில்லை. புருஷன் பெண்சாதிக்குள் கையெழுத்து எதற்கு என்று நான்தான் சொன்னேன்.

அந்த ஒரு வருஷம் நான் வெளியூர்ப் பயிற்சிக் கல்லூரியில் தங்கிப் படித்தேன். சனிக்கிழமை வருவேன், திங்கள் விடியலில் கிளம்பிவிடுவேன். பாடத்திட்டம் எழுத வேண்டும், சார்ட் வரைய வேண்டும், மாதிரிகள் செய்ய வேண்டும். எம்.எஸ்ஸி. படித்தவன் சார்ட்டில் வண்ணம் தீட்டுவதா என்று எனக்கு ரோஷம். உன் அம்மா பள்ளிக்கூடம் போய்வந்து, உனக்குச் சோறு ஊட்டி, அதற்குப் பிறகு உட்கார்ந்து என் பாடத்திட்டங்களை எழுதினாள். நான் அதை என் கையெழுத்தில் பார்த்து எழுதிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாம் இருவரும் மல்லாந்து தூங்கினோம், நீ என் வயிற்றின் மேல். அவள் மண்ணெண்ணெய் அடுப்பை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தரையில் ஆக்சிஜன் தயாரிக்கும் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

பயிற்சியில் விமரிசன வகுப்பு என்று ஒன்று உண்டு. முன்னால் நிஜமான எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். பின்னால் கூடப் படிக்கிற நாற்பது பேர், குற்றம் எழுத நோட்டும் கையுமாக. அவர்களுக்கும் பின்னால் எங்கள் முறையியல் ஆசிரியர், மூக்கு நுனியில் கண்ணாடி. எனக்கு ஆக்சிஜன் பாடம். சூடான சோதனைக்குழாயிலிருந்து வாயு ஒரு வளைகுழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் குமிழ் குமிழாக வரவேண்டும். வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டலுக்கு ஒரு சின்னக் குனிவு குனிந்துவிட்டு, விளக்கை அணைத்தேன். வளைகுழாய் இன்னும் தண்ணீருக்குள் இருந்தது. விளக்கை அணைத்தால் குழாய் குளிரும், தொட்டித் தண்ணீர் பின்னோக்கி ஏறும், சூட்டுக் கண்ணாடியில் பட்டால் வெடிக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது இது. வெடித்தது. முன்வரிசை மொத்தமும் பெஞ்சுக்கு அடியில். யாருக்கும் காயமில்லை, கடவுள் புண்ணியம்.

ஆசிரியர் என் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து எல்லார் முன்னாலும் வாசித்தார். "முதலில் வளைகுழாயைத் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும், பிறகே விளக்கை அணைக்க வேண்டும், மறந்தால் கண்ணாடி வெடிக்கும், மாணவர்களை மூன்றடி தள்ளி நிறுத்தவும்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பிரமாதமா எழுதியிருக்கு. இத எழுதினவங்க யாருய்யா? அவங்கள வரச்சொல்லு, பட்டத்த அவங்ககிட்ட குடுத்துடலாம்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், சிரிப்பில் நான் என்றைக்கும் பின்தங்கியதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குள் ஏதோ புளித்துப் போயிற்று தம்பி. அந்த மனுஷர் சொன்னது தவறு என்றிருந்தால் மறந்திருப்பேன். அவர் சொன்னது சரி.

பட்டம் வந்தது, வேலையும் வந்தது. என் மாணவர்கள் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வருவார்கள். வாசலில் என்னைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டு, "டீச்சர் இருக்காங்களா சார்?" என்பார்கள். பத்து நிமிஷத்தில் அவள் அடுப்படிச் சாமான்களை வைத்தே விளங்கவைத்து அனுப்புவாள். வீட்டில் யார் வாத்தியார் என்பது உனக்குக்கூடத் தெரிந்திருந்தது. எனக்கு மிச்சமிருந்த ஒரே கௌரவம் அந்த எம்.எஸ்ஸி. அதையும் அவள் வாங்கிவிட்டால் அவள் முழு ஆள், நான் வெறும் வாய்.

அடுத்த வருஷம் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு எம்.எஸ்ஸி. ஸீட் கிடைத்தது. சேர்க்கைக்கு மூன்று நாள் போய்வந்தாள், அங்கே அவள் அக்கா வீடு. உனக்கு அப்போது ஆறு வயது. அந்த மூன்று நாளும் நீ பக்கத்து வீட்டு ஜுலைகா லாத்தா வீட்டிலேயே கிடந்தாய். லாத்தாவின் புருஷன் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார், வீடு நிறையப் பிள்ளைகள். குளிப்பாட்டினது அவர்கள், சோறு போட்டது அவர்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அவிக்கிற வட்டிலாப்பம் எத்தனை தின்றாய் என்பதை எண்ண ஆளில்லை. மூன்றாம் நாள் உனக்கு வயிற்றால் போனது. ஏழெட்டுத் தடவை. கண் உள்ளே போய், ஈரக் கோழிக்குஞ்சு மாதிரி என் தோளில் கிடந்தாய்.

பேரளத்திலிருந்து அப்போது ரயில் வந்துகொண்டிருந்த காலம். ஸ்டேஷனுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியிலிருந்து இறங்கியவள் உன் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னங்க ஆச்சு புள்ளைக்கு? அழுதானா?"

வட்டிலாப்பம் என்று சொல்ல ஒரு வினாடி போதும். அந்த ஒரு வினாடி என்னிடம் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது, வாய் திறந்து அந்தச் சொல்லுக்குத் தயாராகக்கூட இருந்தது.

"மூணு நாளா ஒரே அழுகை. சோறு எறங்கல. அம்மா அம்மான்னு அனத்துறான். ஏக்கம் புடிச்சிருக்கு" என்றேன்.

அன்று மாலையே தேவமாதா கோவிலுக்கு உன்னைத் தூக்கிப் போய் முட்டி போட்டாள். மறுநாள் கல்லூரிக்கு, வர இயலவில்லை என்று நாலு வரி எழுதி என்னிடம் கொடுத்தாள். சட்டைப் பையில் வைத்துத் துவைத்துக் கஞ்சியும் போட்ட கடிதங்கள் என் வாழ்க்கையில் ஏராளம். அந்தக் கடிதத்தை மட்டும் பத்தே நிமிஷத்தில் தபால்பெட்டியில் போட்டேன்.

ஜுலைகா லாத்தாவுக்கு விஷயம் எட்டியது. மதில் பக்கம் என்னைக் கூப்பிட்டார்கள். "என்ன சார், புள்ள அழுதிச்சின்னு டீச்சர்கிட்ட சொன்னியளாமே? எம் புள்ளைவளோட சேந்து குதிச்சிக்கிட்டுல்ல கெடந்திச்சு! அல்லாவுக்குப் பொதுவா சொல்லுங்க, எப்ப அழுதிச்சு?" நான் கையெடுத்துக் கும்பிட்டேன், குடும்ப விஷயம் லாத்தா, டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க என்றேன். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நோன்புக்கும் நம் வீட்டுக்குக் கஞ்சி வந்தது, கொண்டுவருகிற பிள்ளை, "உம்மா குடுக்கச் சொன்னாஹ, டீச்சருக்கு" என்று சொல்லிக் கொடுக்கும். நீ கவனித்திருக்க மாட்டாய். எனக்கு என்று அந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட வந்ததில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. நான் நகைச்சுவைக்காரன் இல்லையா? ஞானஸ்நான விருந்து, புது வீட்டு மந்திரிப்பு, எங்கே நாலு பேர் கூடினாலும், 'என் மகன் அழுதே ஒரு எம்.எஸ்ஸி.யைக் கவுத்த கதை' என்று எடுத்துவிடுவேன். உதட்டைப் பிதுக்கி நீ அழுவதுபோலவே அழுது காட்டுவேன். ஊரே சிரிக்கும். உன் அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். உன்னைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவி, "எம் புள்ள அழுவுறப்ப எனக்கு எதுக்குங்க எம்.எஸ்ஸி.?" என்பாள். அந்தக் கதையைக் கேட்டே நீ வளர்ந்தாய். பெண் என்றால் நமக்காக எதையாவது விட்டுவிட்டு வருகிறவள் என்று நீ நினைத்தால் அது உன் குற்றமில்லை. அதை உனக்கு நடித்துக் காட்டியவன் நான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வட்டிலாப்பத்திலிருந்து தபால்பெட்டி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கையில் இருந்த வெங்காயத்தை முழுதாக உரித்து முடித்தாள்.

"அப்ப அவன் அழுவவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு தடவகூடவா?"

"சாப்புட்டான், வெளாண்டான், தூங்குனான். அவ்வளவுதான்."

கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். "பத்தாவதுக்கு மேல எடுக்க எனக்குத் தகுதியில்லன்னு ஒவ்வொரு வருஷமும் டைம்டேபிள் போடுவாங்க. அப்பல்லாம் எனக்குள்ள ஒண்ணு சொல்லிக்குவேன். போவட்டும், எம் புள்ள எனக்காக மூணு நாள் சாப்புடாம அழுதிருக்கான்னு. அது ஒண்ணுதாங்க அந்தப் படிப்புக்குப் பதிலா எனக்குக் கெடச்சிச்சு. இன்னிக்கி அதையும் எடுத்துக்கிட்டீங்க."



மறுநாள் அவள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தனியாகத் திருவேட்டக்குடிக்குப் போனாள். அமலாவிடம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கும் தகுதியும் இல்லை. திரும்பும் வழியில் சாமியாரைப் பார்த்து, இரண்டாம் ஓலையை இப்போது வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னது இவ்வளவுதான்: "கல்யாணம் தையில இல்ல. சித்திரையில, அவ பரீட்சை முடிஞ்சதுக்கு அப்பறம். உங்க மவனுக்கு எழுதிடுங்க." 'உங்க மவன்' என்றாள், கவனித்துக்கொள். அவளுக்குக் கோபம் உன் மேலும் கொஞ்சம் இருக்கிறது. அதற்கும் காரணம் நான்தான்.

எழுதிவிட்டேன். மண்டபத்துக்கும் மற்றபடி சொல்ல வேண்டியவர்களுக்கும் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். காரணம் கேட்பவர்களிடம் இந்த மடலைக் கொடுப்பேன். நீ செய்ய வேண்டியது இரண்டு. முதலில் அமலாவுக்கு எழுது. பாடத்தை எடுத்து முடி என்று அனுமதி கொடுப்பதுபோல எழுதாதே, அது நீ கொடுக்கிற சாமான் இல்லை. இடையில் புகுந்து பேசியதற்கு வருத்தம் என்று மட்டும் எழுது. அடுத்தது அம்மாவுக்கு. அந்த மூன்று நாளைப் பற்றி உனக்கு ஏதாவது நினைவிருந்தால், உள்ளது உள்ளபடி எழுது. ஒன்றும் நினைவில்லை என்றால் நினைவில்லை என்று எழுது. அவள் மனசு குளிரட்டும் என்று, அழுதேன் அம்மா என்று மட்டும் எழுதிவிடாதே. நம் வீட்டில் அதை ஒருவன் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

அப்பா